மூலையில் சுருண்ட ஐந்தாம் எண்

“ஐயோ! நெளியுது! சித்தி, இது நெளியுது!”

அகல்யா கையை உதறினாள். அவள் உள்ளங்கையில் இருந்த மெல்லிய மஞ்சள் துண்டு பறந்துபோய், தம்பி தர்ஷனின் தோசைமேல் விழுந்தது.

“பூரான்! பூரான்!” என்று கத்திக்கொண்டே தர்ஷன் கட்டில்மேல் ஏறிவிட்டான்.

தனப்பிரியா சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர். புதுச்சத்திரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது தின்பண்டம் வாங்கி வருவார். இந்த முறை பையைத் திறந்து, “கையை நீட்டு அம்மிணி” என்று அகல்யாவிடம் கொடுத்தது இதைத்தான்.

“பூரானும் இல்ல, புழுவும் இல்ல. இது பிளாஸ்டிக்கு” என்றார் சித்தி.

“பிளாஸ்டிக்கு எங்கயாவது நெளியுமா?”

“இது நெளியும். பழைய பாலிதீன் பையை எங்க லேப்ல பக்குவம் பண்ணி, அதோட குணத்தையே மாத்தியிருக்கறோம். ஒரு பக்கம் அது. மறுபக்கம் விளக்கெண்ணெய்ல செஞ்ச பூச்சு. முதல் பக்கம் ஈரத்தைக் கண்டா உப்பி நீளமாயிரும். எண்ணெய்ப் பக்கம் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீண்டா என்னாகும்?”

அகல்யா ஒரு நிமிடம் யோசித்தாள். “வளைஞ்சுரும்!”

“அவ்வளவுதான். உன் உள்ளங்கையில வேர்வை இருந்துச்சு. அதான் சுருண்டுச்சு. உலர்ந்த இடத்துல வெச்சா மறுபடியும் நேராயிரும்.”

தர்ஷன் கட்டில்மேல் இருந்தபடியே தலையை நீட்டினான். “விளக்கெண்ணெய் குடுத்தா யாருதான் சித்தி சும்மா கிடப்பாங்க? போன மாசம் அம்மா எனக்குக் குடுத்தாங்க. நானும் நாள் முச்சூடும் ஓடிக்கிட்டேதான் இருந்தேன்.”

சமையலறையில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். அவருடைய மணியன் கோழிப்பண்ணை என்றால் புதுச்சத்திரத்தில் தெரியாதவர் இல்லை. பன்னிரண்டாயிரம் கோழிகள். அவற்றுக்கான மக்காச்சோளமும் தவிடும் புண்ணாக்கும் பண்ணையை ஒட்டிய குடோனில் அடுக்கியிருக்கும்.

“மாமா, உங்க குடோன்ல ஆறு இடத்துல இந்தத் துண்டை ஒட்டிக்கறேன். ஏழு நாளைக்கு மட்டும். தீவனம் இருக்கற இடத்துல ஈரம் ஏறினா இது சுருண்டு காட்டிக் குடுக்கும்” என்றார் சித்தி.

“சோளத்துல ஈரம் இருக்குதா இல்லையான்னு சொல்றதுக்கு என் பல்லு இருக்குது தனம்” என்றார் அப்பா. “லோடு வந்தா ஒரு சோளத்தை எடுத்துக் கடிப்பேன். ‘டக்’குன்னு சத்தம் வரோணும். வரலைன்னா லோடு திரும்பிப் போயிரும். இருவது வருசமா இந்தப் பல்லு ஏமாந்ததில்ல.”

“உங்க பல்லு ராவும் பகலும் குடோன்லயே நிக்குமாங்க மாமா?”

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். “சரி, ஒட்டிக்கோ போ” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அன்று சனிக்கிழமை. குடோனுக்குப் போகும் வழியில் சித்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்திருந்ததை அகல்யா கவனித்தாள்.

“ஏன் சித்தி, பயமா இருக்குதா?”

“பயந்தான் கண்ணு. எங்க பேராசிரியர் கறாரா சொல்லிட்டாரு. ஏழு நாளும் ஆறு துண்டும் சரியாச் சொன்னா மேல போலாம். ஒண்ணே ஒண்ணு பொய் சொன்னாலும் இந்தக் கலவையைக் கைவிட்டுட்டு முதல்ல இருந்து வரோணும். ரெண்டு வருச வேலை அது.”

சித்தி ஆறு இடங்களில் சாக்பீசால் எண் போட்டார். துண்டுகளிலும் எண் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு முனையில் மட்டும் ஒட்டினார். முதல் துண்டு கதவோரம். ஐந்தாவது, உள்மூலையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், சோள மூட்டைகளுக்கு மேலே.

“காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாரு. நேரா இருந்தா ‘நேர்’னு எழுது. சுருண்டிருந்தா ‘சுருள்’னு எழுது. கதவுகிட்ட உங்கப்பா மாட்டியிருக்கற ஈரப்பத மீட்டர்ல என்ன காட்டுதோ அதையும் எழுது. கண்ணுல பட்டதை மட்டும் எழுதோணும். சரியா?”

“சரிங்க சித்தி.”

ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுச் சித்தி சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

மே மாத வெயில் கொளுத்தியது. கோழிகள் அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அகல்யாவுக்கு வேறு வேலை இல்லை. காலையிலும் மாலையிலும் குடோனுக்குப் போனாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்: எல்லாத் துண்டும் நேர். மீட்டரில் நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து.

“இதுக்கு ஒரு நோட்டு வேற” என்று தர்ஷன் கொட்டாவி விட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் மூலைக்குப் போன அகல்யா அப்படியே நின்றுவிட்டாள்.

ஐந்தாவது துண்டு சுருண்டிருந்தது. லேசாக அல்ல. பீடி சுற்றியதுபோல இறுக்கமாக.

அவள் ஓடிப்போய் மற்ற ஐந்தையும் பார்த்தாள். நேர், நேர், நேர், நேர், நேர். மீட்டரைப் பார்த்தாள். நாற்பத்தேழு. வெளியே மண் வெடித்துக் கிடக்கிறது. ஈரம் எங்கிருந்து வரும்?

ஒன்றே ஒன்று பொய் சொன்னாலும் போச்சு என்று சித்தி சொன்னது காதில் கேட்டது.

“அக்கா, அதை இழுத்து நேராக்கிரு. இல்லாட்டி அம்மாகிட்ட அயர்ன் பாக்ஸ் வாங்கிட்டு வரட்டுமா? மேல ஒரு துணி போட்டுத் தேச்சா யாருக்குத் தெரியும்?” என்றான் தர்ஷன்.

அகல்யாவின் விரல் துண்டின் பக்கத்தில் போனது. பிறகு அவளே கையை இழுத்துக்கொண்டாள். நோட்டை எடுத்து, ‘ஐந்து: சுருள்’ என்று எழுதினாள். வீட்டுக்குப் போய்ச் சித்திக்கு போன் செய்தாள்.

“அஞ்சாவது துண்டு மட்டும் சுருண்டிருச்சுங்க சித்தி. மத்ததெல்லாம் நேரா இருக்குது. மீட்டர்ல நாப்பத்தேழுதான்.”

“அப்படியா கண்ணு” என்றார் சித்தி. “மத்த அஞ்சும் நேரா இருக்குதுன்னா, அந்தத் துண்டுதான் கெட்டிருக்கோணும். எண்ணெய் சரியாச் சேரலையோ என்னமோ. நீ உண்மையை எழுதினியே, அது போதும். நான் நாளைக்குக் காலையில வந்து எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துக்கறேன்.”

“இன்னும் ரெண்டு நாளு இருக்குதே சித்தி!”

“வேண்டாம் சாமி. முடிஞ்சு போச்சு.”

போன் வைக்கும் சத்தம் கேட்டது.

அகல்யா வாசற்படியில் உட்கார்ந்தாள். துண்டு கெட்டுவிட்டது என்று சித்தி சொல்கிறார். ஆனால் அது எப்படித் தெரியும்?

“தர்ஷா, பேனா எழுதலைன்னா நீ என்ன பண்ணுவே?”

“உதறுவேன்.”

“அப்பவும் எழுதலைன்னா?”

“வேற தாள்ல கிறுக்கிப் பார்ப்பேன். அதுல எழுதுச்சுன்னா முதல் தாள்ல எண்ணெய் பட்டிருக்குதுன்னு அர்த்தம். எழுதலைன்னா பேனா செத்துப் போச்சு.”

அகல்யா எழுந்தே விட்டாள். “வா, குடோனுக்கு!”

ஐந்தாம் எண் துண்டை மூலையிலிருந்து மெதுவாகப் பிரித்தாள். கதவோரம் இருந்த முதலாம் எண்ணையும் பிரித்தாள். இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினாள். ஐந்து கதவுக்கு வந்தது. ஒன்று மூலைக்குப் போனது. இப்படி மாற்றியதையும் மறக்காமல் நோட்டில் குறித்தாள்.

“மீட்டரைக் கழட்டி மூலைக்குக் கொண்டு போலாமே?” என்றான் தர்ஷன்.

“அதைச் செவுத்துல திருகி வெச்சிருக்குது. தொட்டா அப்பா தொலைச்சுருவாரு. கொஞ்ச நேரம் சும்மா இரு.”

பத்து நிமிடம் இருவரும் கதவருகே குந்தியிருந்தார்கள். தர்ஷனுக்கு அது பத்து மணி நேரம்போல இருந்தது.

“அக்கா!” என்றான் அவன் திடீரென்று. “இங்க பாரு, இது எந்திரிக்குது!”

சுருண்டு கிடந்த ஐந்தாம் எண், தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பதுபோல மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அளவுகோல்போல நேராக நின்றது.

இருவரும் மூலைக்கு ஓடினார்கள்.

அங்கே முதலாம் எண் இறுக்கமாகச் சுருண்டு கிடந்தது.

அகல்யா துள்ளிக் குதித்தாள். “துண்டு கெடல! இந்த இடந்தான் கெட்டிருக்குது!”

அவள் போட்ட சத்தத்தில், முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பொன்னாயி அக்கா ஓடி வந்தார். பண்ணையில் பல வருடங்களாக வேலை பார்ப்பவர் அவர். விஷயத்தைக் கேட்டதும் தவிட்டு மூட்டைகளை நகர்த்தி, பின்னால் இருந்த சோள மூட்டைகளின் இடுக்கில் கையை விட்டார். விட்ட வேகத்திலேயே வெளியே இழுத்தார்.

“ஆத்தாடி! கொதிக்குது சாமி! உள்ள அடுப்பு வெச்ச மாதிரி இருக்குது! நாளைக்குக் காலையில இந்த மூட்டைங்களைத்தான் அரைவைக்குப் போடச் சொல்லியிருக்காரு உங்கப்பா!”

தர்ஷன் அப்பாவைக் கூட்டிவர ஓடினான்.

அப்பா சிரித்துக்கொண்டேதான் வந்தார். “என்ன அம்மிணி, உங்க சித்தியோட பூரான் பொய் சொல்லிருச்சாமா?”

“பொய் சொல்லலைங்கப்பா. இந்த மூட்டையைப் பாருங்க.”

“லோடு வந்தன்னைக்கு நான்தான கடிச்சுப் பார்த்தேன்? ‘டக்’குன்னு சத்தம் வந்துச்சே.”

“எந்த மூட்டையில இருந்து எடுத்துக் கடிச்சீங்க?”

“மேல இருந்த மூட்டையில…” என்று சொல்லி அப்பா நிறுத்தினார்.

பொன்னாயி அக்கா அதற்குள் குத்தூசியைக் கொண்டுவந்துவிட்டார். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தித் தானியத்தை எடுக்கும் நீளமான இரும்புக் குழல் அது. அப்பா அதை வாங்கி மூலை மூட்டையில் குத்தினார். உருவினார். உள்ளங்கையில் சாய்த்தார்.

மஞ்சள் சோளம் வரவில்லை. சாம்பலும் பச்சையுமாகப் பூசணம் பூத்த கட்டி ஒன்று விழுந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

பழக்க தோஷத்தில் அப்பா அதில் ஒரு சோளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

“கடிக்காதீங்கப்பா!” அகல்யா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

சோளம் தரையில் உருண்டது. அப்பா அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை அரைச்சுப் போட்டிருந்தா…” என்றார் பொன்னாயி அக்கா.

“ஈரல் கெட்டுக் கோழிங்க கொத்துக் கொத்தா விழுந்திருக்கும்” என்றார் அப்பா. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “வாழப்பாடி யாவாரி என்னை ஏமாத்திட்டான்! ஈரச் சோளத்தை அடியில வெச்சு, காஞ்சதை மேல வெச்சு… இன்னைக்கு அவனை…”

“அப்பா, கொஞ்சம் இருங்க” என்றாள் அகல்யா. “அவரை வையாதீங்க. அன்னைக்கு நானும் உங்ககூட வந்தனல்ல? அவரு களத்துல சோளம் நல்லாத்தான் காஞ்சு கிடந்துச்சு. நான் அது மேல வெறுங்காலோட நடந்தேன். பாதமெல்லாம் சுட்டுச்சு.”

“அப்புறம் எப்படி ஈரமாச்சு?”

அகல்யா யோசித்தாள். போன வெள்ளிக்கிழமை நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கலையரசன் அண்ணனின் லாரி. நாமக்கல்லில் புது பாடி கட்டி முடித்துவந்த லாரி. அதன் முதல் லோடு. வாழப்பாடிக் களத்திலேயே லாரியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மாலை போட்டு, பூசை செய்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது அவள்தான்.

“அப்பா, லாரிக்குள்ள பலகை நனைஞ்சிருந்துச்சு. என் பாவாடை ஓரம்கூட ஈரமாச்சு.”

அப்பா மெதுவாகக் கலையரசன் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏப்பா கலையரசா, அன்னைக்கு லோடு ஏத்தறப்ப வண்டியில தண்ணி நின்னுச்சா?”

“நின்னுச்சுங்கண்ணா” என்றது கலையரசனின் குரல். “பலகை இடுக்குல எல்லாம் தண்ணி. ‘ஒரு மணி நேரம் காயட்டுங்க, அப்புறம் ஏத்தலாமுங்க’ன்னு சொன்னனுங்களே.”

“அப்புறம் ஏன் ஏத்தினே?”

“நீங்கதானுங்கண்ணா, ‘பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்குள்ள முதல் மூட்டை ஏறியே ஆகோணும்’னு நின்னீங்க.”

பொன்னாயி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தர்ஷன் மூடவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டான்.

அப்பா தவிட்டு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். லாரியின் ஈரப் பலகையில் கிடந்தவைதான் கடைசியாக இறங்கிய மூட்டைகள். இடம் போதாமல் அவற்றைத்தான் அந்த மூலையில் அடுக்கியிருந்தார்கள். ஈரம் உள்ளேயே புழுங்கி, ஐந்து நாளாகச் சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது.

“ராகு காலத்துக்குப் பயந்து…” என்று முணுமுணுத்தார். பிறகு அகல்யாவை நிமிர்ந்து பார்த்தார். “உங்க சித்திக்கு போனைப் போடு அம்மிணி. பிரிச்சு எடுக்க வரவேண்டாம்னு சொல்லு. பார்க்க வரச் சொல்லு.”

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே சித்தி வந்து இறங்கினார். பூசணம் பிடித்த பன்னிரண்டு மூட்டைகளையும் அதற்குள் பண்ணைக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த நல்ல சோளத்தைப் பிரித்துத் தார்ப்பாயில் வெயிலுக்குப் பரப்பியிருந்தார்கள்.

சித்தி நோட்டை ஒரு முறை படித்தார். இடம் மாற்றி ஒட்டிய பக்கத்தை இன்னொரு முறை படித்தார்.

“இது எனக்கே தோணலையே கண்ணு. என் துண்டை நானே நம்பாம விட்டுட்டனே” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் உடனே துடைத்துக்கொண்டார். “நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருக்குது. அதுவரைக்கும் சரியா நிக்கோணும்.”

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் ஆறும் நேர். மத்தியானம் ஆறும் நேர். மூலையில்கூட நேர். வெயிலில் காய்ந்த சோளத்தைப் பொன்னாயி அக்காவும் அப்பாவும் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். குடோனுக்குள் சித்தியும் அகல்யாவும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருந்தபோது, கதவோரத் துண்டு அசைந்தது.

“காத்துல ஆடுது” என்றார் சித்தி.

அது ஆடவில்லை. சுருண்டது. அடுத்து இரண்டாம் இடத்தில் இருந்தது சுருண்டது. பிறகு மூன்று. நான்கு. ஆறு. கடைசியாக மூலையில் இருந்ததும் சுருண்டது.

சித்தி சுவரில் சாய்ந்துவிட்டார். “ஆறுமா? இருவது நிமிசந்தான இருந்துச்சு! ஆறும் ஒண்ணாக் கெட்டுப் போச்சே அகல்யா!”

அகல்யா மீட்டரைப் பார்த்தாள். அவள் பார்க்கும்போதே எண் மாறியது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று.

“சித்தி, மீட்டரும் ஏறுது!” என்றவள், கதவுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். “அப்பா! ஆறும் சுருண்டுருச்சு!”

அப்பா வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

“பொன்னாயி! சோளத்தை அள்ளு! தர்ஷா, அந்தக் கூடையை எடு! ஓடு ஓடு!”

எல்லோரும் அள்ளினார்கள். அம்மா கரண்டியோடு ஓடிவந்து, கரண்டியைப் போட்டுவிட்டு முறத்தால் அள்ளினார். எங்கிருந்தோ குளிர்ந்த காற்று ஒன்று வந்து தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியது. தெற்கே வானம் கறுத்திருந்ததை அப்போதுதான் தர்ஷன் பார்த்தான்.

கடைசிக் கூடை குடோனுக்குள் போன பிறகுதான் தகரக் கூரைமேல் முதல் துளி விழுந்தது. பிறகு ஆயிரம் துளி.

சித்தி வாசலுக்கு வந்தார். வெளியே கையை நீட்டினார். பிறகு முழுவதுமாக மழைக்குள் இறங்கி, போனைக் காதில் வைத்தார்.

“சார், ஏழாவது நாளு. ஆறு துண்டும் சுருண்டுருச்சுங்க!”

“ஆறுமா?” மறுமுனையில் பேராசிரியர் அதிர்ந்தது வாசலில் நின்ற அகல்யாவுக்கே கேட்டது. “அப்போ எல்லாமே பொய் சொல்லிருச்சாம்மா?”

“இல்லீங்க சார்!” சித்தி மழைக்கு மேலாகக் கத்தினார். “நான் தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நிக்கறனுங்க!”